படத்தின் அடி ஓரம்: பழைய அச்சுப் படங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

15 வருடங்களுக்கு முன் விருதுநகரில் ஒரு பழைய பேப்பர் கடையில் 80 ரூபாய் கொடுத்து ஒரு முருகன் படம் வாங்கினேன். மயில்மேல் முருகன், இரண்டு பக்கமும் வள்ளி தெய்வானை, பின்னால் ஓர் ஏரி, நீல மலை. காகிதம் பழுப்பேறியிருந்தது, ஆனால் நிறம் அப்படியே இருந்தது. கண்ணாடி போட்டுத் தரச் சொல்லி ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் படம் சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கையில் இருந்த சட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்று நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தை வெட்டி எறிந்திருந்தார்கள். அந்த அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சாகியிருந்தது. ஒரு பெயர், ஓர் எண், ஓர் ஊர். நான் அதை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அந்த முருகனை வரைந்தவர் யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பழைய சாமிப் படங்கள், காலண்டர் படங்கள், தீப்பெட்டி லேபிள்கள் இவற்றைச் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அழகுக்காகச் சேர்ப்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது. லட்சக்கணக்கான வீடுகளில் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட படத்தை வரைந்தவரின் பெயர் அந்த வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன். எனக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

முதலில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

பழைய அச்சுப் படம் என்பது கடல். கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் புனேயின் சித்ரசாலை அச்சகமும் 1878லேயே தொடங்கிவிட்டன. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தன் அச்சகத்தைத் தொடங்கினார். கராச்சியில் தொடங்கிய பிரிஜ்பாசி நிறுவனம் ராஜஸ்தானத்து நாத்துவாரா ஓவியர்களிடம் படம் வாங்கி ஜெர்மனியில் அச்சடித்து விற்றது. இவை எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று இறங்கினால் பணமும் போகும், வீட்டில் இடமும் போகும், எதைப் பற்றியும் முழுதாகத் தெரியாது.

ஓர் ஊர், ஓர் ஓவியர், ஒரு தெய்வம், அல்லது ஒரு வகைப் பொருள் என்று பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா ஊரில் இருந்த ஜவுளிக்கடை கொடுத்த காலண்டர்கள் மட்டும் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். நான் கோவில்பட்டி ஓவியர்களைப் பிடித்துக்கொண்டேன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அவர்களைப் பற்றிச் சுருக்கமாக. சி. கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். நாடகத்தோடு ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் 1940களில் கோவில்பட்டியில் நிலைத்தார். அங்கே அவரைச் சுற்றி மாணவர்கள் சேர்ந்தார்கள். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம் என்று அந்த வரிசை நீளும். கொண்டையராஜு 1976இல் காலமானார். அவர் படங்களில் தெய்வத்துக்குப் பின்னால் தூண்களும் படிக்கட்டும் தொலைவில் நீர்நிலையும் மலையும் வரும்போதெல்லாம் எனக்கு நாடகத் திரைச்சீலைதான் நினைவுக்கு வரும்.

கோவில்பட்டியில் வரைந்த படங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது பக்கத்துச் சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த லித்தோ அச்சகங்கள், அதாவது கல் அச்சு அச்சகங்கள், அப்புறம் காலண்டரையும் பிடித்துக்கொண்டன. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் சிவகாசியில் வெளியாகிறது. அந்தப் பழைய சாம்பிள் ஆல்பம் எங்கேயாவது உங்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரு வருடத்தின் படங்கள் எல்லாம் எண்ணோடு வரிசையாக ஒரே இடத்தில் இருக்கும்.

ஒரு லூப் வாங்குங்கள்

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்தப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். படம் வாங்கும் முன்பே இதை வாங்குங்கள்.

பழைய கல் அச்சுப் படத்தில் முருகன் கன்னத்தை லூப் வைத்துப் பாருங்கள். சின்னப் புள்ளிகள் தெரியும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் கலைவு. மனிதர் கையால் வைத்த புள்ளிகள் அவை. ஒரு நிறத்துக்கு ஒரு கல். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல் என்று ஒவ்வொன்றிலும் அந்த நிறம் விழ வேண்டிய இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசையுள்ள மையால் புள்ளி வைத்துத் தீட்டுவார்கள். ஒரு முகத்தில் ரோஜா நிறம் வர வேண்டும் என்றால் எந்தக் கல்லில் எவ்வளவு அடர்த்தியாகப் புள்ளி வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர் ஓவியர் அல்ல, லித்தோ ஆர்ட்டிஸ்ட். அவர் பெயர் படத்தில் எங்கேயும் இருக்காது.

பின்னால் வந்த ஆப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை பிசகாமல், சின்னச் சின்னப் பூ வட்டங்களாகத் தெரியும். கேமரா பிரித்த நிறங்கள் அவை. இன்றைய கம்ப்யூட்டர் பிரிண்டில் மை தெளித்த மாதிரி, ஒழுங்கில்லாத மிகப் பொடியான துகள்கள் தெரியும். பழைய காகிதம் போலத் தேநீரில் நனைத்துக் காயவைத்த போலி ரவிவர்மா படங்கள் சந்தையில் நிறைய உண்டு. மேலே பளபளவென்று வார்னிஷ்கூடப் பூசியிருப்பார்கள். காகிதத்தின் நிறத்தை நம்பாதீர்கள். லூப் வைத்ததும் பூ வட்டமோ துகளோ தெரிந்தால் ‘1900ஆம் வருடப் படம்’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம். கல் அச்சில் சில படங்களில் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். ‘ரெஜிஸ்டர் விலகியிருக்கு’ என்பார்கள் அச்சகத்தில். சில ஓரங்களில் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதற்கான கூட்டல் குறிகூட இருக்கும். அது குறை அல்ல. எத்தனை நிறத்தில் அச்சடித்தார்கள் என்பதற்கு அது ஒரு துப்பு.

நான்கு பெயர்களைப் பிரித்தறியுங்கள்

புதிதாகச் சேர்ப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரு படத்தில் நான்கு வெவ்வேறு பெயர்கள் இருக்கலாம். படத்துக்குள்ளேயே, பெரும்பாலும் கீழ் மூலையில், கையெழுத்தாக இருப்பது ஓவியர் பெயர். வெள்ளை ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பது அச்சகம் அல்லது வெளியீட்டாளர். அச்சகமும் வெளியீட்டாளரும் ஒன்றாகவும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். காலண்டராக இருந்தால் அடியில் பெரிய எழுத்தில் இருப்பது அதை வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடை.

‘ரவிவர்மா பிரஸ்’ என்று ஓரத்தில் இருந்தால் ரவிவர்மா வரைந்தது என்று பொருள் இல்லை. தொடங்கிய சில வருடங்களிலேயே அந்த அச்சகம் லோனாவாலா அருகில் மலவ்லிக்கு இடம் மாறியது. அப்புறம் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்குப் போனது. ரவிவர்மா 1906இல் காலமான பிறகும் பல பத்து வருடங்கள் அச்சகம் ஓடியது. எத்தனையோ வேறு ஓவியர்களின் படங்கள் அதே பெயரில் வெளிவந்தன. விற்பவர் ‘இது ரவிவர்மா’ என்று சொன்னால், ‘பிரஸ்ஸா, ஓவியரா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். ரவிவர்மாவுடனேயே இருந்து கூடவே வரைந்த தம்பி சி. ராஜராஜவர்மாவை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு இருப்பதால்தான் அந்த ஓவியக்கூடத்தில் யார் என்ன செய்தார்கள் என்பது ஓரளவாவது நமக்குத் தெரிகிறது.

கோவில்பட்டிப் படங்களிலும் இப்படித்தான். சிலவற்றில் கொண்டையராஜு பெயரும் சுப்பையா பெயரும் சேர்ந்தே இருக்கும். குருவின் பெயர் பெரிது என்பதற்காக மாணவரின் பெயரை விட்டுவிட்டுப் பதிவு செய்யாதீர்கள். படத்தில் எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இனிஷியல், தப்பான எழுத்துக்கூட்டல் உட்பட எழுதிக்கொள்ளுங்கள். ஓரத்தில் வெறும் எண் மட்டும் இருந்தால் அதையும் எழுதுங்கள். அது அச்சகத்தின் டிசைன் எண்ணாக இருக்கும். என்றாவது ஒரு சாம்பிள் ஆல்பத்தில் அதே எண் கண்ணில் படும்.

வருடத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்

இந்தப் பகுதியை எழுத எனக்கு மிகவும் பிடிக்கும். படத்தில் வருடம் இருக்காது. ஆனால் வருடத்தைக் காட்டிக்கொடுக்கும் எழுத்து ஏதாவது இருக்கும்.

முகவரியில் தொடங்குங்கள். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. ‘சிவகாசி 626 123’ என்று இருந்தால் படம் அதற்குப் பிந்தையது. ‘சென்னை-1’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மாவட்டப் பெயர் இன்னும் நல்ல துப்பு. சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். அதன்பின் காமராஜர் மாவட்டம், 1997இலிருந்து விருதுநகர் மாவட்டம். கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், அதன்பின் 1997 வரை சிதம்பரனார் மாவட்டம். ‘காமராஜர் மாவட்டம்’ என்று ஒரு காலண்டரில் பார்த்தால் 12 வருட இடைவெளிக்குள் அதை அடக்கிவிடலாம். ‘சென்னை ராஜ்யம்’ என்றிருந்தால் 1969க்கு முன். கடை இலங்கையில் இருந்து, முகவரியில் ‘சிலோன்’ என்று இருந்தால் 1972க்கு முன்.

விலை அச்சாகியிருந்தால் அதிர்ஷ்டம். அணாக் கணக்கு 1957 மார்ச் வரை. ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவே.

தமிழ் எழுத்தையே பாருங்கள். லை, ளை, ணை, னை ஆகியவை தும்பிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் இருக்கின்றனவா? றா, னா, ணா ஆகியவை சுழித்துக்கொண்டிருக்கின்றனவா? தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். அதற்கு முன்பே பெரியாரின் பத்திரிகைகள் புதிய வடிவத்தைப் பயன்படுத்தின என்றாலும், சாமி காலண்டர் அடித்த கடைக்காரர்கள் அந்த வழியில் போயிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அச்சகங்கள் கையிலிருந்த பழைய எழுத்துகளை 1978க்குப் பிறகும் சில வருடங்கள் ஓட்டின. அதனால் பழைய எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும் காலண்டர்களும் உண்டு. ‘விரோதிகிருது’ என்றால் 1911–12 அல்லது 1971–72. அறுபது வருடச் சுற்று என்பதால் எப்போதும் இரண்டு விடை வரும். காகிதம், அச்சு, முகவரி மூன்றையும் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். கடையின் டெலிபோன் எண் இரண்டே இலக்கமா, ஐந்தா, ஆறா என்பதும் உதவும்.

கடைசியாக, சட்டத்தின் பின்பக்கம். பழைய பிரேம்களில் படத்துக்கும் மரப்பலகைக்கும் நடுவே செய்தித்தாளை மடித்து வைப்பார்கள். ஒருமுறை பின்பலகையைக் கழற்றியபோது அன்றைய தேதியோடு ஒரு நாளிதழ் முழுப் பக்கம் கிடைத்தது. 1961 தை மாதம். சட்டம் போட்டது அதற்கு முன் இல்லை; படமும் ஏறக்குறைய அந்தக் காலத்திலோ அதற்கு முன்போ அச்சாகியிருக்கலாம். பலகையில் படக்கடையின் சின்ன லேபிள், ஊர் பெயரோடு. இவற்றைக் கழற்றிக் குப்பையில் போடாதீர்கள். படத்தோடு ஒரே உறையில் வையுங்கள்.

எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் படங்கள் அங்கே சேரும். ஜரிகையும் சம்கியும் துணியும் ஒட்டி அலங்கரித்த ரவிவர்மா படங்களை அங்கேதான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தேன். சரஸ்வதியின் சேலை மட்டும் அசல் துணி. யாரோ வீட்டுப் பெண் உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாக வெட்டி, ஓரத்துக்கு ஜரிகை வைத்துத் தைத்தது. அவரும் அந்தப் படத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்தான்.

ஆனால் தொடங்குகிறவர்கள் பழம்பொருள் கடைக்குப் போக வேண்டாம் என்பேன். விலை அதிகம், படம் எங்கிருந்து வந்தது என்ற தகவலும் அறுந்துபோயிருக்கும். பழைய பேப்பர் கடை, கோயில் தெருவில் உள்ள பிரேம் கடை, மூடப்போகும் மளிகைக்கடை, சொந்தக்காரர் வீட்டுப் பரண் ஆகிய நான்கிலும் முதலில் தேடுங்கள். பிரேம் கடைகளில் மாற்றக் கொடுத்துவிட்டு வாங்க வராத படங்கள் மூலையில் அடுக்கியிருக்கும்.

கண்ணாடி உடைந்த சாமிப் படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று அரச மரத்தடியிலோ கோயில் மூலையிலோ வைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். மழையில் நனைந்து கிடக்கும் நல்ல படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேராகப் போய் எடுக்காதீர்கள். பூசாரியிடமோ பக்கத்தில் பூ விற்கும் அக்காவிடமோ கேளுங்கள். ‘பத்திரமா வச்சுக் கும்பிடுவீங்களா?’ என்று கேட்பார்கள். எனக்கு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

வீடுகளில் கேட்கும்போது விலை பேசுவதற்கு முன் அந்தப் படத்தின் கதையைக் கேளுங்கள். எந்த வருடம், எந்தக் கடை கொடுத்தது, யார் மாட்டினார்கள். கொடுக்க மனமில்லாதவர்களை வற்புறுத்தாதீர்கள். ஓரம் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் உங்கள் ஆராய்ச்சிக்கு அதுவே போதும்.

பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஓரத்தை வெட்ட ஒருவரையும் விடாதீர்கள். பிரேம் கடையில் கொடுக்கும்போது ‘வெள்ளை ஓரத்தோட போடுங்க அண்ணே’ என்று சொல்லுங்கள், பக்கத்தில் நின்றே அளவு எடுக்கச் சொல்லுங்கள். மட்டமான அட்டையும் பிளைவுட்டும் காகிதத்தைப் பழுப்பாக்கி உடைய வைக்கும். அமிலமில்லாத காகிதத்தை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சட்டமில்லாத படங்களைப் பெரிய கோப்பில் தட்டையாக, பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். சுருட்டி வைத்தால் நிறம் செதில் செதிலாக உரியும். வெயில் படும் சுவர், சமையலறைச் சுவர், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் மூன்றும் வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறையாவது எல்லாவற்றையும் எடுத்துப் பூச்சி, கரையான் பாருங்கள்.

படத்தில் இருக்கும் குங்குமப் பொட்டையும் சந்தனத் தடத்தையும் துடைக்காதீர்கள். எத்தனை வருடம், எந்த உயரத்திலிருந்து ஒரு கை அந்த நெற்றியைத் தொட்டது என்று அது சொல்கிறது.

ஓவியரைத் தேடிப் போவது

ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இனி என்ன?

முதலில் அதே கையெழுத்துள்ள வேறு படங்களைத் தேடுங்கள். இணையத்தில் தஸ்வீர் கர் என்ற படக்காப்பகம் 2006இலிருந்து இருக்கிறது. தெற்காசியாவின் காலண்டர், போஸ்டர், லேபிள் படங்களும் அவற்றைப் பற்றிய கட்டுரைகளும் அதில் உண்டு. பெங்களூரில் உள்ள மேப் எனப்படும் கலை, புகைப்பட அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும், லண்டன் வெல்கம் கலெக்ஷனிலும் இந்தியச் சாமிப் படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். ராஜு என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

அப்புறம் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள்தான் அதன் அடித்தளம். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர் அவர். காலண்டர் ஓவியர்கள் பலர் பத்திரிகை அட்டையும் தீபாவளி மலர்ப் படமும் வரைந்தவர்கள். அந்த மலர்களில் ஓவியர் பெயர் தமிழில் தெளிவாக இருக்கும், வருடமும் கையில் இருக்கும். படத்தின் கையெழுத்தையும் மலரின் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓவியர் எந்தக் காலத்தில் வேலை செய்தார் என்று தெரிந்துவிடும்.

ஆனால் நிஜமான தகவல் மனிதர்களிடம்தான் இருக்கிறது. ஓவியரின் ஊருக்குப் போங்கள். பழைய போட்டோ ஸ்டுடியோ, பழைய அச்சகம், பள்ளி ஓவிய ஆசிரியர் என்று விசாரித்துக்கொண்டே போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். கையில் படத்தின் நல்ல பிரதி ஒன்று இருக்கட்டும். கேள்வி கேட்டால் ‘அதெல்லாம் மறந்துபோச்சு’ என்பவர்கள் படத்தைப் பார்த்ததும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சிவகாசியில் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் பார்க்கப் போனது இப்படித்தான். எண்பதைத் தாண்டியவர். திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரு முருகன் காலண்டரை எடுத்து நீட்டினேன்.

“அண்ணாச்சி, இது உங்க காலத்துல அடிச்சதான்னு பாருங்களேன்.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். முருகன் முகத்தைப் பார்க்கவில்லை. மயிலின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்த நீலம் நான் போட்டது.”

“நீங்க வரைஞ்சதா அண்ணாச்சி?”

“வரைஞ்சது கோவில்பட்டி. நான் நீலத்துக்குப் புள்ளி வச்சேன். இங்க பாருங்க, கழுத்து வளையிற இடத்துல பச்சை வரணும்லா. மஞ்சள் மேல நீலம் விழுந்தாத்தான் பச்சை. புள்ளி அதிகமாப் போச்சுன்னா கறுத்துரும். நாலு நாள் இந்தக் கழுத்துலயே உக்காந்திருந்தேன்.”

சேர்ந்த புதிதில் கல்லை மணல் போட்டுத் தேய்த்தது, எந்த மேஸ்திரி எந்த நிறத்தில் கெட்டிக்காரர், ஓவியர் வந்து புரூப் பார்த்து என்ன திருத்தம் சொன்னார் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். அவர் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. என் பதிவேட்டில் அந்தப் படத்துக்கு நேரே, அவர் அனுமதியோடு, ‘நீல நிறம்’ என்று போட்டு அவர் பெயரை எழுதிவைத்தேன்.

இப்படிப் பேசப் போகும்போது சில விஷயங்கள். ஒலிப்பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் சரிபாருங்கள். வருடங்கள் மாறிப்போகும், ஆனால் ‘என் மூத்த மகள் பிறந்த வருஷம்’ என்று சொன்னால் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓவியரின் குடும்பத்தில் அசல் ஓவியமோ, பென்சில் நகலோ, அச்சகம் எழுதிய கடிதமோ இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு அவர்களிடமே விட்டுவிடுங்கள். விலை பேசும் பார்வையோடு போனால் அடுத்த முறை கதவு திறக்காது. எடுத்த போட்டோவின் நல்ல பிரிண்ட் ஒன்றை அவர்களுக்கு அனுப்புங்கள். ‘எங்க அப்பா வரைஞ்சதா இது!’ என்று ஒரு மகள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் வீட்டில் அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இல்லை.

சட்டம் இரண்டு வரி. 100 வருடத்தைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. அச்சுப் படம்தானே என்று வெளிநாட்டு உறவினருக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். அதேபோல ஓவியர் காலமாகி 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. உரிமை குடும்பத்திடம் இருக்கலாம், அச்சகத்திடமும் இருக்கலாம். பார்த்து ரசிக்க, ஆராய்ச்சி செய்யப் பிரச்சினை இல்லை. மறுபடி அச்சடித்து விற்க நினைத்தால் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

பதிவேடு

படம் வந்த அன்றே எழுதிவிடுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். நோட்டுப் புத்தகமோ கம்ப்யூட்டரோ, எது கைக்கு வருமோ அது. அளவு சென்டிமீட்டரில், ஓரத்தோடும் ஓரமில்லாமலும். எல்லா எழுத்தும் உள்ளபடியே. எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு. விற்றவர் சொன்ன கதை, அவர் வார்த்தையிலேயே. வருடம் என்று நினைப்பது, அப்படி நினைக்கக் காரணம். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். போட்டோ நான்கு: முழுப் படம், கையெழுத்து, அடி ஓரம், பின்பக்கம். படத்திலேயே எண் போட வேண்டும் என்றால் பின்னால் மூலையில் மென்மையான பென்சிலில் மட்டும்.

என் பதிவேட்டில் முதல் பக்கத்தில் அந்த விருதுநகர் முருகன் இருக்கிறார். ஓவியர், அச்சகம், எண் மூன்று கட்டமும் காலி. மயில் இடது பக்கம் பார்க்கிறது. வள்ளிக்குப் பச்சைச் சேலை, தெய்வானைக்குச் சிவப்பு. ஏரியில் இரண்டு அன்னம், வலது ஓரத்தில் தாமரை மொட்டு ஒன்று பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டுப் பூஜை அறையிலோ இதே படம் இருந்தால், கண்ணாடியின் அடிப்பக்கத்தை ஒருமுறை துடைத்து அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.